பாலத்துக்கு அடியில்

வண்டி ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும். பின்னால் வருவதைப் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது. பக்கத்தில் உரசினால் ஜனங்கள் போடுகிற கூச்சலே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் தன் வண்டி தலைக்கு மேலே எவ்வளவு உயரம் வளர்ந்து நிற்கிறது என்பதை மட்டும், நாளெல்லாம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும், அவனால் பார்க்க முடியாது. அதை ஞாபகத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாபகத்தை நம்பி மனிதன் செய்கிற காரியங்கள் என்ன கதியாகின்றன என்பது நமக்குத் தெரிந்ததுதானே?

பாலத்துக்கு அடியில் லாரி மாட்டிக்கொண்ட கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பெரிய பெரிய என்ஜினியர்கள் கூடிப் பாலத்தை வெட்டுவதா, லாரியை வெட்டுவதா என்று விவாதித்துக்கொண்டிருக்கையில், வேடிக்கை பார்த்த சிறுவன் ஒருவன், "டயரில் காற்றை இறக்கிவிடுங்களேன்" என்றானாம். எந்த ஊரில் கேட்டாலும் அது தங்கள் ஊரில் நடந்ததாகவே சொல்வார்கள். கதை நல்ல கதைதான். ஆனால் காற்றை இறக்கினால் கிடைப்பது இரண்டொரு அங்குலம். அமெரிக்காவில் இந்தப் பாலத்துச் சண்டை நூறு வருஷமாக அடிக்கணக்கில் நடந்து வருகிறது. அந்தச் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, பாலத்தைவிடப் பாலம் கட்டின மனிதர்கள்தான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டார்கள்.

அமெரிக்காவில் நடப்பதற்குக் காரணம், அங்கே வீட்டையே மோட்டாரில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிற வழக்கம் உண்டு. சமையலறை, படுக்கை, குளிக்கிற அறை எல்லாம் உள்ளே. நம்மவர்கள் தீர்த்த யாத்திரைக்குக் கூண்டு வண்டியில் அரிசி பருப்புடன் கிளம்பினார்களே, அதற்குப் பெட்ரோல் ஊற்றினது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மோட்டார் வீடுகளில் பெரியவை பன்னிரண்டு, பதின்மூன்று அடி உயரம் இருக்கும். வீடு என்று வந்துவிட்டால் குளிர்சாதனம் வேண்டாமா? அதைக் கூரையின் மேல் ஒரு பெட்டியாக வைத்திருப்பார்கள். அது ஏறக்குறைய ஓர் அடி. கம்பெனிக்காரன் புஸ்தகத்தில் போட்டிருக்கிற உயரத்தில் அந்தப் பெட்டி சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதில்தான் பல குடும்பங்களின் விடுமுறை கெட்டுப் போயிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் தாங்களே ஏணி வைத்து ஏறி அளந்து, அந்த அளவை ஒரு சீட்டில் எழுதி, ஓட்டுகிறவர் கண்ணெதிரே ஒட்டி வைத்துவிடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அமெரிக்க மாகாணங்களில் பெரும்பாலானவற்றில் வண்டியின் உயரம் 13 அடி 6 அங்குலம் வரை இருக்கலாம். மேற்கே சில மாகாணங்களில் 14 அடி. ஆனால் வண்டிக்குச் சட்டம் போட்டதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே கட்டின பாலங்கள் சட்டத்தைப் படிப்பதில்லை.

மோட்டார் வீட்டின் சரித்திரத்தில் பேர் பெற்ற பிரயாணம் ஒன்று 1915-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நியூயார்க்குக்குப் பக்கத்தில் உள்ள லாங் தீவிலிருந்து, ஹண்டிங்டன் என்ற ஊரிலிருந்து புறப்பட்டது. ரோலண்டு கான்க்ளின் என்பவர் மோட்டார் பஸ் செய்கிற கம்பெனிக்காரர், பணக்காரர். தம் குடும்பத்துக்காகவே ஒரு பஸ்ஸைக் கட்டி, அதற்கு 'ஜிப்ஸி வண்டி' என்று பேர் வைத்தார். இருபத்தைந்து அடி நீளம், எட்டு டன் எடை. உள்ளே மின்சார விளக்கு, சமையலறை, ரயிலில் இருப்பது போன்ற படுக்கைகள், புஸ்தக அலமாரி, கிராமபோன். இத்தனையும் போதாதென்று கூரையின் மேல் உட்கார்ந்து காற்று வாங்க ஒரு மாடித் தோட்டம்! அந்த வருஷம் சான்பிரான்சிஸ்கோவில் பனாமா பசிபிக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கிளம்பினதும் அந்த ஊரை நோக்கித்தான். பத்திரிகைகள் அதிசயித்து எழுதின. அதிசயிக்க வேண்டியதுதான்; கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக நல்ல சாலை என்று ஒன்று அப்போது கிடையாது. ஹண்டிங்டன் என்ற பேரை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊர் பின்னாலும் வரும்.

தாழ்ந்த பாலம் மோட்டாரோடு பிறந்ததல்ல. அதே நியூயார்க் மாகாணத்தில் 1825-இல் ஈரிக் கால்வாயைத் திறந்தார்கள். ஆல்பனியிலிருந்து பஃபலோ வரைக்கும் 363 மைல். கால்வாய் வெட்டினபோது வழியில் இருந்த விவசாயிகளின் நிலங்கள் இரண்டு துண்டாகிவிட்டன. இந்தக் கரையில் வீடு, அந்தக் கரையில் வயல் என்றால் மாட்டை எப்படி ஓட்டிக்கொண்டு போவது? ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு பாலம் கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பாலங்கள் ஏராளம், கையில் இருந்த பணம் கொஞ்சம். உயரம் குறைந்தால் செலவும் குறையும் அல்லவா? எல்லாவற்றையும் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள். பிரயாணிகள் படகின் கூரையில் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டே வருவார்கள். படகோட்டி "தாழ்ந்த பாலம்!" என்று கத்தினவுடன் பட்டு உடுத்தின சீமாட்டியும் சரி, பிரசங்கியும் சரி, அப்படியே கூரையில் படுத்துவிட வேண்டும். கவனிக்காதவர்களுக்கு மண்டையில் பட்டது. இதில் ஒருவர் மேலும் ஒருவருக்கும் துவேஷம் இல்லை. சிக்கனம், அவ்வளவுதான்.

துவேஷம் உண்டா, இல்லையா என்று இன்றுவரை வாதாடுகிற பாலங்கள் வேறே. அவற்றைக் கட்டினவர் ராபர்ட் மோஸஸ்.

1888-இல் பிறந்து 1981-இல் காலமான இந்த மனிதரைப் பற்றி ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட புஸ்தகம் ஒன்று இருக்கிறது என்றால் அவர் எப்பேர்ப்பட்டவர் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஜனங்களின் ஓட்டு வாங்கி அவர் ஒரு பதவிக்கும் வந்ததில்லை. 1934-இல் ஒரே ஒரு தடவை கவர்னர் பதவிக்கு நின்று, படுதோல்வி அடைந்தார். ஆனால் நியமனப் பதவிகளில் ஒரே சமயத்தில் பன்னிரண்டு வரை வைத்துக்கொண்டு, நியூயார்க்கின் பாலங்கள், பூங்காக்கள், சாலைகள் எல்லாவற்றையும் நாற்பது வருஷத்துக்குமேல் தம் கைக்குள் வைத்திருந்தார். இன்னொரு விஷயத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். இத்தனை சாலை போட்ட மனிதர் வாழ்நாளில் கார் ஓட்டினதே இல்லை. டிரைவர் ஓட்ட, பின் ஆசனத்தில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துக்கொண்டே போவார்.

1924-இல் லாங் தீவுப் பூங்காக் கமிஷனின் தலைவரானவுடன் அவர் ஆரம்பித்த காரியம், நகரத்து ஜனங்கள் கடற்கரைக்குப் போக வழி செய்வது. 1929 ஆகஸ்டில் ஜோன்ஸ் கடற்கரை திறக்கப்பட்டது. வெறும் மணல் திட்டாகக் கிடந்த இடம் அது. உடை மாற்ற மாளிகை மாதிரிக் கட்டடங்கள், நீச்சல் குளங்கள், வெனிஸ் நகரத்து மணிக்கூண்டைப் பார்த்துச் செய்த தண்ணீர்க் கோபுரம் எல்லாம் எழும்பின. பொது ஜனங்களுக்கான இடம் என்றால் அழுக்காகவும் மட்டமாகவும்தான் இருக்க வேண்டும் என்பதை மோஸஸ் ஒப்புக்கொள்ளாதவர். அந்த அளவில் அவரை மெச்சத்தான் வேண்டும். இப்போதும் கோடைக் காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் அங்கே குளிக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போவதற்குப் போட்ட சாலைகளுக்குப் 'பார்க்வே' என்று பேர். பூங்காச் சாலை என்று நாம் சொல்லலாம். இரண்டு பக்கமும் மரங்கள், வளைந்து வளைந்து செல்லும் பாதை, விளம்பரப் பலகைகள் கிடையாது, லாரி கிடையாது, பஸ் கிடையாது. காரில் போகிறவர்கள் கண்ணுக்கு இனிமையாகப் போய்வரச் செய்த சாலை. குறுக்கே வருகிற தெருக்களையெல்லாம் கல் பதித்த அழகான வளைவுப் பாலங்களின் மேல் ஏற்றிவிட்டார்கள். தெற்கு ஸ்டேட் பார்க்வே என்ற சாலையின் முதல் பகுதி 1927-இல் திறந்தது. அதன் பாலங்கள் மிகவும் தாழ்ந்தவை. வளைவின் நடுவில் ஓர் உயரம் இருக்கும். ஓரத்துக்கு வரவர அதுவும் குறையும்.

1974-இல் ராபர்ட் கேரோ என்ற பத்திரிகையாளர் மோஸஸின் வாழ்க்கையை எழுதினார். நான் மேலே சொன்ன ஆயிரம் பக்கப் புஸ்தகம் அதுதான். அடுத்த வருஷம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதில் ஒரு குண்டைப் போட்டார். அந்தப் பாலங்கள் தற்செயலாகத் தாழ்ந்து போகவில்லை, பஸ்கள் போகக் கூடாது என்று வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டினவை என்றார். பஸ்ஸில் வருகிறவர்கள் யார்? கார் வாங்க வக்கில்லாத ஏழைகள். அதிலும் கறுப்பு மக்கள். அவர்கள் அந்தக் கடற்கரைக்கு வரக் கூடாது. கடற்கரைக்கு ரயில் பாதை போடும் யோசனைக்கும் மோஸஸ் இடம் கொடுக்கவில்லை என்று அதே புஸ்தகம் சொல்கிறது.

கேரோவுக்கு இந்தச் செய்தியைச் சொன்னவர் மோஸஸிடம் பல்லாண்டுகள் வேலை பார்த்த ஸிட்னி ஷபிரோ என்ற என்ஜினியர். சட்டத்தை நாளைக்கு வருகிறவன் மாற்றிவிடலாம், ஆனால் கட்டின பாலத்தை யாரும் லேசில் இடிக்கமாட்டார்கள் என்பது மோஸஸின் எண்ணம் என்று அவர் சொன்னாராம். இதைப் படித்தபோது நான் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பொல்லாத மனிதர்களைப் பற்றிக் கதைகளில் எவ்வளவோ எழுதுகிறோம். அவர்கள் கத்துவார்கள், அடிப்பார்கள், உயில் பத்திரத்தைத் திருடுவார்கள். ஒரு பாலத்தின் உயரத்தில் ஓர் அடியைக் குறைத்துவிட்டு, தான் செத்த பிறகும் தன் விருப்பம் நடக்க வேண்டும் என்று நினைக்கிற வில்லனை நம்மில் யார் கற்பனை செய்திருக்கிறோம்?

1980-இல் லாங்டன் வின்னர் என்ற பேராசிரியர் இந்தப் பாலங்களை வைத்துப் பிரசித்தமான கட்டுரை ஒன்று எழுதினார். யந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும்கூட அரசியல் உண்டு என்பது அவர் வாதம். அதற்குப் பிறகு கல்லூரிகளில் மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே சொல்லிக் கொடுத்தார்கள்.

இருபது வருஷம் கழிந்து எதிர்க்கட்சி வக்கீலும் வந்தார். பெர்ன்வார்டு யோர்கெஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1999-இல் கேட்டார்: பார்க்வேயில் பஸ் ஓடவே கூடாது என்று விதி இருந்ததே, பிறகு பாலத்தைத் தாழ்த்தித் தடுப்பானேன்? பார்க்வேயை விட்டால் கடற்கரைக்கு வேறு சாலை இல்லையா? அந்தக் காலத்துப் பார்க்வேக்களில் பாலங்கள் தாழ்வாக இருப்பது சகஜம்தானே? கேள்விகள் நியாயமானவை. நல்ல கதை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் படித்தவர்களும் அதை நோண்டிப் பார்ப்பதில்லை என்று அவர் குத்திக் காட்டினதும் நியாயம்.

2017-இல் தாமஸ் காம்பனெல்லா என்ற நகரச் சரித்திர ஆசிரியர், இப்படி வாய்ச் சண்டை போடுவானேன், அளந்து பார்த்துவிடலாமே என்று கணக்கு எடுத்தார். நியூயார்க்குக்கு வடக்கே அதே காலத்தில் போட்ட பார்க்வேக்களின் பாலங்களோடு மோஸஸின் பாலங்களை ஒப்பிட்டார். ஸா மில் பார்க்வேயில் சராசரி உயரம் 123 அங்குலம். ஹட்சின்ஸன் பார்க்வேயில் 121 அங்குலம் சொச்சம். மோஸஸின் தெற்கு ஸ்டேட் பார்க்வேயில், கிழக்கே போகிற பக்கம், 107 அங்குலம் சொச்சம். அதாவது மற்றவர்கள் பத்தடிக்கு மேல் கட்டின இடத்தில் இவர் ஒன்பதடிக்கும் குறைவாகக் கட்டியிருக்கிறார். நம் கணக்கில் சொன்னால் முக்கால் முழம் வித்தியாசம்.

முக்கால் முழத்தை வைத்து ஒருவன் மனசுக்குள் இருந்ததைச் சொல்லிவிட முடியுமா? கோர்ட்டில் முடியாது. சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் நான் நீதிபதி அல்ல, கதை எழுதுகிறவன். என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லுக்கு ஆகும் செலவு, வளைவின் அழகு, பஸ்ஸில் வருகிறவர்கள் மேல் இருந்த அலட்சியம் மூன்றும் ஒரே தலைக்குள் சௌகரியமாகக் குடியிருக்கக்கூடியவை. ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று நினைப்பவர்கள் மனிதர்களோடு அதிகம் பழகாதவர்கள். ஷபிரோ தம் எஜமானனை நேசித்தவர், கடைசி வரை உடன் இருந்தவர். அவர் அப்படி ஒரு பொய்யைச் சொல்லவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

அது கிடக்கட்டும். பக்கத்து மாகாணமான கனெக்டிகட்டில் 1938-இலிருந்து 1940-க்குள் திறந்த மெர்ரிட் பார்க்வே என்ற சாலையில் இன்றைக்கும் எட்டடிக்குமேல் உயரமான வண்டி போகக் கூடாது. மோட்டார் வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்ததும் காத தூரம் விலகிப் போய்விடுவார்கள். அந்தச் சாலையின் பாலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசான அலங்காரம். பார்த்தாலே பரவசமாக இருக்கிறது. யாரும் அங்கே துவேஷம் என்று பேசுவதில்லை.

இப்படியே போயிருந்தால் மோட்டார் வீடு அமெரிக்காவில் செழித்திருக்குமா என்பது சந்தேகம். அதற்கு உயரத்தை வாங்கிக் கொடுத்தது ரஷ்யா!

1956-இல் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி தேசம் முழுவதும் நெடுஞ்சாலைகள் போட ஆரம்பித்தார்கள். அந்தச் சாலைத் திட்டத்தின் பேரிலேயே 'ராணுவப் பாதுகாப்பு' என்ற சொல்லும் இருந்தது. ஆனால் பாலங்களுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் சாலை என்ஜினியர்கள். 14 அடி போதும் என்று தீர்மானித்தார்கள். லாரிகளுக்கு அது தாராளமாகப் போதும். வேலையும் மளமளவென்று நடந்தது.

மறு வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி ரஷ்யாக்காரர்கள் ஸ்புட்னிக்கை மேலே அனுப்பினார்கள். அமெரிக்கா முழுவதும் ஒரு நடுக்கம். நாமும் ராட்சச ஏவுகணைகளைச் செய்து ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ராணுவத்தார் பரபரத்தார்கள். அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது: வண்டியில் ஏற்றின ஏவுகணை 14 அடிப் பாலத்துக்கு அடியில் போகாது. பாதுகாப்புச் சாலை என்று பேர் வைத்துவிட்டு, பாதுகாப்புக்கு என்ன அளவு வேண்டும் என்பதைப் பாலங்கள் பல கட்டி முடிந்த பிறகு யோசிக்கிறார்கள்! நம் ஊரில் வீட்டுக்குள் வைத்தே கட்டிலைச் செய்து முடித்துவிட்டு, வாசல்படி வழியாக வெளியே எடுக்க முடியாமல் விழிக்கிற தச்சர்கள் உண்டு. அமெரிக்க சர்க்காரும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது.

காகிதங்கள் போய் வந்தன. ராணுவத்தார் நிறையக் கேட்டார்கள். சாலைக்காரர்கள் செலவைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். கடைசியில் 1960-இல் 16 அடி என்று முடிவாயிற்று. நகரங்களுக்குள் மட்டும் ஏதாவது ஒரு வழி 16 அடியாக இருந்தால் போதும், மற்றவை 14 அடியாக இருக்கலாம் என்று விட்டுக் கொடுத்தார்கள். முன்பே கட்டின பாலங்களில் பலவற்றைப் பிற்காலத்தில் நெம்பி உயர்த்த நேர்ந்தது.

ஏவுகணைகள் அந்த வழியாக எத்தனை போயினவோ, மோட்டார் வீடுகள் கணக்கில்லாமல் போயின. ஐயோவா மாகாணத்தில் பாரஸ்ட் சிட்டி என்ற சின்ன ஊரில் வின்னபேகோ கம்பெனி 1966-இல் மோட்டார் வீடுகள் செய்ய ஆரம்பித்தது. சாதாரணக் குடும்பஸ்தன் கடன் வாங்கியாவது வாங்கக்கூடிய விலையில் அவை வந்தன. வயசான தம்பதிகள் இருந்த வீட்டை விற்றுவிட்டு இதிலேயே ஏறிக்கொண்டார்கள். பனிக்காலம் வந்தால் தெற்கே, கோடை வந்தால் வடக்கே. யுத்த பயத்தினால் உயர்ந்த பாலங்களின் அடியில் பாட்டி பின்னல் போட்டுக்கொண்டே போனாள்.

நெடுஞ்சாலையில் இருக்கிற வரைக்கும் பயம் இல்லை. அதை விட்டு இறங்கின பிறகுதான் ஆபத்து. பாலத்தில் எழுதியிருக்கிற உயரம் எழுதின அன்றைக்கு இருந்த உயரம். அதற்குப் பிறகு சாலையின் மேல் இரண்டு தடவை தார் போட்டிருந்தால் சில அங்குலம் போய்விடும். பனி உறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம். பாரம் ஏற்றின லாரி அமுங்கிக்கொண்டு புகுந்து போன இடத்தில், திரும்பி வரும்போது காலி லாரி நிமிர்ந்து நின்று இடிக்கும். வளைவுப் பாலமாக இருந்தால் நடுவில் போகிறவன் தப்புவான், ஓரமாக ஒதுங்குகிற சாது மாட்டிக்கொள்வான்.

தகரம் கிழிந்தது, கூரைப் பெட்டி போயிற்று என்பதோடு முடிந்தால் சிரித்துவிடலாம். 2010-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி பின்னிரவில் ஸிரக்யூஸ் நகரத்தின் அருகே நடந்தது சிரிக்கக்கூடியதல்ல. பழைய ஈரிக் கால்வாய் நடு ஊரில் ஓடின அதே ஸிரக்யூஸ்தான். பிலடெல்பியாவிலிருந்து கானடாவிலுள்ள டொராண்டோவுக்குப் போய்க்கொண்டிருந்த இரட்டை மாடி பஸ் ஒன்று, நிற்க வேண்டிய நிலையத்துக்குத் திரும்புகிற இடத்தைத் தவறவிட்டுவிட்டது. டிரைவர் தம் சொந்த ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்துக்கொண்டே ஏரிக்கரைப் பார்க்வே ஒன்றில் புகுந்தார். எதிரே ரயில் பாலம். அதன் உயரம் 10 அடி 9 அங்குலம். பஸ்ஸின் உயரம் 13 அடி. எச்சரிக்கைப் பலகைகள் இருக்கத்தான் இருந்தன. மேல் மாடியில் முன்னால் உட்கார்ந்தால் ஊர் நன்றாகத் தெரியும் என்றுதானே எல்லோரும் அந்த இடத்துக்கு ஆசைப்படுகிறார்கள்? நான்கு பேர் இறந்து போனார்கள். டிரைவர் மேல் வழக்குப் போட்டார்கள். 2012-இல் நீதிபதி அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார். அந்த மனிதர் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பார் என்று எனக்கு நினைக்கத் தோன்றியது. சட்டம் விட்டுவிட்டால் தூக்கம் வந்துவிடுமா?

அந்தக் கருவியின் மேலும் முழுப் பழியைப் போடுவதற்கில்லை. காருக்கென்று செய்த வழிகாட்டிக்குத் தன்னைச் சுமந்து போவது காரா, யானையா என்று எப்படித் தெரியும்? குறுக்கு வழி எது என்று கேட்டார்கள், சொல்லிற்று. உயரத்தைக் கொடுத்தால் தாழ்ந்த பாலங்களை ஒதுக்கிவிட்டு வழி சொல்கிற கருவிகள் லாரிகளுக்கும் மோட்டார் வீடுகளுக்கும் தனியாக விற்கின்றன. விலைதான் கொஞ்சம் அதிகம்.

எட்டு வருஷம் கழித்து, 2018 ஏப்ரலில், மோஸஸின் தெற்கு ஸ்டேட் பார்க்வேயிலேயே இதே கதை நடந்தது. ஐரோப்பாவுக்கு உல்லாசப் பிரயாணம் போய்விட்டு விமானத்தில் வந்து இறங்கின பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வாடகை பஸ் புறப்பட்டது. இரவு ஒன்பது மணி. இந்த டிரைவரும் கார்களுக்கான வழிகாட்டியைத்தான் நம்பினார். ஈகிள் அவென்யூ பாலத்தில் இடித்ததில் பஸ்ஸின் கூரை நீள வாட்டத்தில் கிழிந்து போயிற்று. பல பிள்ளைகளுக்குக் காயம். சிலருக்குப் பலத்த காயம். நல்லவேளையாக உயிருக்கு ஒருவருக்கும் ஆபத்து நேரவில்லை. பஸ் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது தெரியுமா? ஹண்டிங்டனுக்கு! 1915-இல் ஜிப்ஸி வண்டி மாடித் தோட்டத்தோடு கிளம்பின அதே ஹண்டிங்டன். ஐரோப்பா போய்வரக்கூடிய வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். கேரோ சொல்வதே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், மோஸஸ் தடுக்க நினைத்தது இவர்களை அல்ல. தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகு பாலத்துக்கு அது தெரியவில்லை.

வட கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரில் உள்ள ரயில் பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. உலகத்தில் இத்தனை பேர் பார்த்து ரசித்த பாலம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். 1940 வாக்கில் கட்டினது. உயரம் 11 அடி 8 அங்குலம். பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவர், அடிக்கடி 'டமார்' என்று சத்தம் கேட்கிறதே என்று 2008-இல் ஜன்னலில் ஒரு காமிராவைப் பொருத்தி வைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட மோதல்கள் அதில் பதிவாயின. லாரிகளின் கூரை தகர டப்பாவின் மூடி மாதிரிச் சுருண்டுகொள்ளும். மோட்டார் வீடுகளின் குளிர்சாதனப் பெட்டிகள் ஒரு சீவலில் கீழே விழும். உள்ளூர்க்காரர்கள் அதற்கு 'டப்பா திறப்பான்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். மோதினவர்களில் அநேகர் லாரி ஓட்டிப் பழகினவர்கள் அல்ல. வீடு மாற்றுவதற்காக ஒரு நாள் வாடகைக்கு லாரி எடுத்து, கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். அந்தப் படங்களைப் பார்க்கையில் முதலில் சிரிப்பு வரும். லாரி நின்ற பிறகு கதவைத் திறந்து இறங்கி, தலையில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறானே ஒரு இளைஞன், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிடும்.

ஏன் சரி செய்யவில்லை என்று கேட்பீர்கள். பாலத்தை உயர்த்தினால் இரு பக்கமும் வெகு தூரத்துக்கு ரயில் பாதையை உயர்த்த வேண்டும் என்றார்கள். சாலையைத் தாழ்த்தலாம் என்றால் அதற்கு அடியில் பெரிய சாக்கடைக் குழாய் போகிறது. ரயில்வேக்காரர்கள் பாலம் சேதமாகாமலிருக்க முன்னால் ஒரு கனத்த இரும்பு உத்தரத்தைக் கட்டினார்கள். ரயில் பிழைத்தது, லாரிக்கு அடி பலமாக விழுந்தது. நகரசபை மஞ்சள் விளக்கை மினுக்கிப் பார்த்தது. 2016-இல் உயரமான வண்டி வந்தால் தானாகவே சிவப்பு விளக்கு எரிய ஏற்பாடு செய்து, பக்கத்துத் தெருவில் திரும்பிப் போகும்படி எழுத்து மின்னுகிற பலகையும் வைத்தார்கள். சிலர் நின்று, பச்சை விழுந்ததும், பலகையைப் படிக்காமல் நேரே போய் இடித்தார்கள்.

கடைசியில் 2019-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட அந்தப் பாலத்தை ரயில்வேக்காரர்கள் எட்டு அங்குலம் தூக்கி வைத்தார்கள். இப்போது உயரம் 12 அடி 4 அங்குலம். பலகையில் புது எண்ணை எழுதி மாட்டினார்கள். ஊர்க்காரர்களில் பலருக்கு இனிமேல் வேடிக்கை பார்க்கக் கிடைக்காதே என்று வருத்தம். காமிராவை மட்டும் அதன் சொந்தக்காரர் எடுக்கவில்லை. நவம்பர் மாதம் முடிவதற்குள் ஒரு லாரி வந்து இடித்தது.